பாயை நனைக்கும் பிள்ளைக்கு அடி எதற்கு?

பத்திரிகையில் எழுத இந்த விஷயம்தானா கிடைத்தது என்று வாசகர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளித்துவிட்டுப் போகட்டும். மும்பையில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் குடித்தனம் நடத்தும் நம்மவர்களின் வீடுகளில், குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்பே தொடங்கிவிடும் சண்டைகள் உண்டு. வாடகைப் பாக்கி காரணம் அல்ல. மாமியார் மருமகள் தகராறும் அல்ல. எட்டு வயதுப் பையன் இரவில் பாயை நனைத்துவிட்டான். அதுதான் சண்டை.

உடனே முதுகில் ஒன்று விழுகிறது. "எருமை மாடு மாதிரி வளர்ந்திருக்கிறாயே, வெட்கமாயில்லை?" என்று அம்மா போடும் சத்தம் தடுப்புச் சுவருக்கு அப்பால் இருக்கும் மராத்திக் குடும்பத்துக்கும் கேட்கிறது. மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிடுகிறது. பக்கத்து அறைப் பிள்ளைகள் அதைப் பள்ளிக்கூடம் வரை கொண்டுபோய்ச் சிரிக்கிறார்கள். நனைந்த கோதடியைக் கையில் கொடுத்து, எல்லோரும் பார்க்கும்படி வராண்டாவில் நிற்க வைக்கிற வீடுகளும் இருக்கின்றன. கரண்டியைக் காய்ச்சிக் காட்டிச் சூடு போட்டுவிடுவேன் என்று மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆத்திரத்தில் போட்டேவிட்டவர்களைப் பற்றியும் செய்திகள் வந்திருக்கின்றன.

2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, தன் பொறுப்பில் இருக்கும் குழந்தையை அடித்துத் துன்புறுத்துவது மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். பெற்றவர்களும் இதற்கு விலக்கல்ல. ஆனால் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவதற்காக நான் இதை எழுதவில்லை. அடியால் இந்தக் காரியத்தில் ஒரு பயனும் இல்லை என்பதற்காக எழுதுகிறேன். பயன் தரக்கூடிய ஒரு சிறு கருவி உலகத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. அது இன்னும் நம்முடைய சால்களுக்குள் வந்து சேரவில்லை என்பதற்காகவும் எழுதுகிறேன்.

அப்பாவின் ரகசியம்

தூங்குகிற பிள்ளை செய்ததற்கு விழித்த பிள்ளையைத் தண்டிக்கிறோம். இதில் எந்த நியாயமும் இல்லை. அவன் அதை வேண்டுமென்று செய்யவில்லை, சோம்பலாலும் செய்யவில்லை. அவனுக்குத் தெரியவே தெரியாது. குளிர்ந்து ஈரம் உறைத்த பிறகுதான் விழிக்கிறான்; பல சமயம் அதற்கும் விழிப்பதில்லை.

டாக்டர்கள் சொல்லும் காரணம் இதுதான். மூத்திரப் பை நிரம்பியதும் மூளைக்குச் செய்தி போக வேண்டும். மூளை பிள்ளையை எழுப்பிவிட வேண்டும், அல்லது பையை அடக்கி வைக்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு இந்தத் தொடர்பு முதிர்வதற்கு நாளாகிறது. இன்னும் சிலருக்கு, இரவில் சிறுநீர் அதிகம் ஊறாமல் பார்த்துக்கொள்ளும் வாசோபிரசின் என்ற ஹார்மோன் போதிய அளவு சுரப்பதில்லை. வேறு சிலருக்குப் பை ஒரு இரவுக்குத் தாங்குவதில்லை. பெரும்பாலும் இவற்றில் இரண்டு சேர்ந்தே இருக்கும். இதில் எதை அடித்துத் திருத்த முடியும்?

ஐந்து வயதில் ஏறத்தாழ 100-க்கு 15 குழந்தைகள் படுக்கையை நனைக்கிறார்கள். ஏழு வயதில் 100-க்கு 5 முதல் 10 வரை. அதாவது 40 பிள்ளைகள் இருக்கும் இரண்டாம் வகுப்பில் இரண்டு முதல் நான்கு பேருக்கு இந்தத் தொல்லை இருக்கும். ஒவ்வொருவனும் தான் ஒருவன் மட்டுமே என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பையன்களுக்கு அதிகம், பெண் குழந்தைகளுக்குச் சற்றுக் குறைவு. வளர்ந்த பிறகும் 100-க்கு ஒருவர் அளவில் இது தொடர்வதுண்டு. ஐந்து வயதுக்குள் இருக்கிற குழந்தையைப் பற்றி யாரும் கவலைப்படவே வேண்டாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதைப் படித்தால் சில தகப்பன்மார்களின் கை தானாக இறங்கும். தாய் தகப்பன் இருவரில் ஒருவருக்குச் சிறு வயதில் இந்தத் தொல்லை இருந்திருந்தால், பிள்ளைக்கு வர 100-க்கு 40-க்கு மேல் வாய்ப்பு. இருவருக்கும் இருந்திருந்தால் 75-ஐத் தாண்டுகிறது. இது குடும்பத்தில் வருவது. பத்து வயது வரை திருநெல்வேலிப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் பாயை நனைத்தவர், இங்கே வந்து மில்லிலோ ஆபீஸிலோ வேலை பார்த்துக் குடும்பஸ்தர் ஆனதும் அதை மறந்துவிடுகிறார். மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. பாட்டி மே மாதம் ஊரிலிருந்து வந்து, "உங்கப்பன் மட்டும் என்ன, ஆறாங்கிளாஸ் வரைக்கும் அப்படித்தான்" என்று போட்டு உடைக்கிற வரைக்கும் ரகசியம் பத்திரமாக இருக்கிறது! அந்த அப்பா செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, பாட்டி வருவதற்கு முன் தானே பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து அதைச் சொல்லிவிடுவது. "எனக்கும் இருந்தது, போய்விட்டது" என்று அப்பா வாயால் கேட்கிற பிள்ளைக்குப் பாதிப் பயம் தெளிந்துவிடும்.

பள்ளிக்கூடமும் தேநீரும்

மருந்து, கருவி என்று போவதற்கு முன்னால் நம்முடைய வாழ்க்கை முறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். காலையில் பொதுக் கழிப்பிடத்தின் முன்னால் வரிசை. ஏழு மணிப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை அந்த வரிசையில் நின்று முடிக்க முடியாமல் அப்படியே ஓடுகிறான். பள்ளிக்கூடக் கழிப்பிடத்தின் நாற்றத்துக்குப் பயந்து அங்கேயும் போவதில்லை. பெண் பிள்ளைகள் பாடு இதைவிட மோசம். மலம் கட்டிப்போகிறது. நிறைந்து கிடக்கும் மலக்குடல் மூத்திரப் பையை அழுத்துகிறது. இரவில் பை தாங்குவதில்லை. படுக்கை நனைவதற்கு மலச்சிக்கல் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சிக்கலைச் சரிசெய்தாலே சில பிள்ளைகளுக்கு இரவுத் தொல்லை குறைந்துவிடுகிறது.

தண்ணீர் விஷயமும் இப்படித்தான். கழிப்பிடத்துக்குப் போக வேண்டியிருக்குமே என்று பகல் முழுவதும் குடிக்காமல் இருந்துவிட்டு, சாயங்காலம் வந்து சொம்பு சொம்பாகக் குடிக்கிறான். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவோடு ஒரு கட்டிங் சாய் வேறு! தேநீரும் காப்பியும் சிறுநீரைத் தூண்டுபவை. சாயங்காலத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு அவை வேண்டாம். அதற்காகத் தண்ணீரையே நிறுத்திவிடுகிற தாய்மார்கள் இருக்கிறார்கள். அது தவறு. பகலில் நிறையக் குடிக்கட்டும். படுக்கப் போகும் நேரத்தில் குறைத்துக்கொள்ளட்டும்.

எள்ளுருண்டை கொடுத்தால் நிற்கும் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். எள்ளுருண்டை நல்ல தின்பண்டம், தாராளமாகச் சாப்பிடட்டும். தாயத்துக் கட்டுவதும், ஊர்க் கோவிலுக்கு நேர்ந்துகொள்வதும் அவரவர் நம்பிக்கை. ஆனால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொல்லை உள்ள பிள்ளைகளில் ஆண்டுக்கு 100-க்கு 15 பேருக்கு எதுவும் செய்யாமல் தானாகவே நின்றுவிடுகிறது. நிற்கிற நேரத்தில் கையில் தாயத்து இருந்தால் தாயத்துக்குப் பெயர். முதல் நாள் உதை விழுந்திருந்தால் உதைக்குப் பெயர். "நாலு சாத்துச் சாத்தினேன், நின்றுவிட்டது" என்று பெருமை பேசுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கில் பிழைத்தவர்கள்தான்.

இரவு பதினொரு மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் உட்கார வைப்பதும் நம் வீடுகளில் வழக்கம். அதனால் கெடுதல் இல்லை. அன்றைய பாய் தப்பிக்கிறது. ஆனால் பை நிரம்பியது கண்டு பிள்ளை விழிக்கவில்லை. அம்மாவுக்கு விழிப்பு வந்தது, அம்மா தூக்கினாள். எத்தனை மாதம் தூக்கினாலும் அவனுடைய மூளை அதில் பாடம் எதுவும் கற்றுக்கொள்வதில்லை.

நர்சுகளுக்காகச் செய்த மணி

அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுப்பதற்குத்தான் அலாரம். அது பிறந்த கதை வேடிக்கையானது. 1904-ஆம் ஆண்டில் ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் ஃபவுண்ட்லர் என்பவர், வார்டில் எந்தக் குழந்தை படுக்கையை நனைத்திருக்கிறது என்று நர்சுகளுக்குத் தெரிவதற்காக, ஈரம் பட்டால் மணி அடிக்கும்படி ஒரு ஏற்பாடு செய்தார். நர்சுகளின் வேலையைச் சுலபமாக்கத்தான் செய்தார். நாளாவட்டத்தில் பார்த்தால், அந்தக் குழந்தைகள் நனைப்பதே குறைந்துவிட்டது! பிறகு 1938-இல் அமெரிக்காவில் மௌரர் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய மனைவியும் இதையே சிகிச்சையாக வகுத்து, குழந்தைகளிடம் செய்து பார்த்து எழுதினார்கள். அன்றிலிருந்து இன்று வரை, மருந்துகள் எத்தனையோ வந்த பிறகும், நீடித்த பலன் வேண்டுமென்றால் அலாரம்தான் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

கருவி மிகச் சாதாரணமானது. உள்ளாடையில் மாட்டும் ஒரு சிறு கிளிப், அதிலிருந்து சட்டைத் தோள்பட்டைக்கு ஒரு மெல்லிய கம்பி, அங்கே தீப்பெட்டி போல ஒரு பெட்டி. முதல் சொட்டு ஈரம் பட்டதும் மணி அடிக்கும், அல்லது பெட்டி அதிரும். படுக்கை விரிப்பின் கீழ்ப் போடும் தகடு போன்ற வகையும் உண்டு. "கரண்டு அடிக்காதா?" என்று கேட்பார்கள். உள்ளே இருப்பது சின்ன பேட்டரி; மணியை அடிப்பதற்கு மட்டுமே அதற்குச் சக்தி.

மணி அடித்ததும் பிள்ளை எழுந்து, மீதியை உரிய இடத்தில் கழித்துவிட்டு வந்து, துணி மாற்றி, மணியை மறுபடி மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும். திரும்பத் திரும்ப இப்படி நடக்கும்போது, பை நிரம்புவதற்கும் விழிப்பதற்கும் ஒரு முடிச்சு விழுகிறது. கடைசியில் பார்த்தால் பெரும்பாலான பிள்ளைகள் எழுந்திருப்பதுகூட இல்லை. விடியும் வரை அடக்கிக்கொண்டு தூங்கப் பழகிவிடுகிறார்கள்.

பலன் நாலு நாளில் வராது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் நனைப்பதை நிறுத்துகிறார்கள். தொடர்ந்து 14 இரவுகள் உலர்ந்திருந்தால்தான் அலாரத்தைக் கழற்ற வேண்டும். கழற்றிய பிறகு கணிசமான பேருக்குத் திரும்பவும் வரும். அதைப் பார்த்து மனம் ஒடிய வேண்டாம். மறுபடி மாட்டினால் மறுபடியும் கேட்கும்.

முதல் இரண்டு மூன்று வாரங்கள்தான் சோதனை. வீடே எழுந்துவிடும், அவன் மட்டும் தூங்குவான்! அங்கேதான் பலர் அலாரத்தைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். தோளைத் தட்டி எழுப்பி, இன்றைக்கு என்ன கிழமை என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் விழித்துவிட்டான் என்று அர்த்தம். அம்மாவே மணியை நிறுத்திவிட்டு, அரைத்தூக்கத்தில் துணியை மாற்றிப் படுக்க வைத்துவிட்டால் அந்த இரவு வீண். மணியை நிறுத்துவது அவன் கையாலேயே நடக்க வேண்டும்.

பாய் நனைந்ததா இல்லையா என்பதை மட்டும் பார்க்காதீர்கள். ஈரத் திட்டு சிறிதாகிறதா? இரவுக்கு இருமுறை அடித்த மணி ஒருமுறையாகக் குறைந்ததா? பன்னிரண்டு மணிக்கு அடித்தது நான்கு மணிக்குத் தள்ளிப்போயிருக்கிறதா? இவையெல்லாம் முன்னேற்றம்தான். சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் பிள்ளையே குறித்துவரட்டும். பரிசு கொடுப்பதானால், மணி கேட்டு எழுந்ததற்குக் கொடுங்கள். உலர்ந்த பாய்க்குக் கொடுக்காதீர்கள். அது அவன் கையில் இல்லை. எழுந்திருப்பது அவன் கையில் இருக்கிறது.

ஒற்றை அறையில் நடக்குமா?

"இதெல்லாம் தனித்தனி அறை இருக்கும் பணக்காரர்களுக்கு. ஆறு பேர் வரிசையாகப் படுத்திருக்கும் அறையில் ராத்திரி மணி அடித்தால் என்ன ஆகும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் என் எண்ணம் வேறு. பெரிய வீடுகளில் இந்தச் சிகிச்சை தோற்பதற்கு ஒரு காரணம், பிள்ளை ஓர் அறையில், பெற்றோர் வேறோர் அறையில். மணி அடிப்பது அம்மாவுக்குக் கேட்பதில்லை. நம் வீட்டில் அம்மா ஒரு கை தூரத்தில் படுத்திருக்கிறாள்! சிறிய அறை என்று நாம் குறைப்பட்டுக்கொள்ளும் அதே அறை இந்த ஒரு காரியத்துக்கு உதவுகிறது. பிள்ளையை ஓரத்தில், அம்மாவுக்குப் பக்கத்தில், மோரிக்கு அருகில் படுக்க வையுங்கள். அதிர்கிற வகை அலாரமானால் மற்றப் பிள்ளைகளின் தூக்கம் அதிகம் கெடாது. அவனைத் தொட்டுக்கொண்டு படுத்திருக்கும் அம்மாவுக்கு அதிர்வே போதும். அவளுக்கும் அது கேட்காது என்றால் மணி அடிக்கும் வகையைத்தான் வாங்க வேண்டும்.

பொதுக் கழிப்பிடம் சந்துக்கு அப்பால் இருக்கிறது. நடு இரவில் பிள்ளையை அங்கே அனுப்ப முடியாது. அந்தப் பயத்திலேயே எழுந்திருக்க மாட்டான். மோரியில் ஒரு பக்கெட்டும் மூடியும் வைத்துவிடுங்கள், ஒரு சிறிய விளக்கும் எரியட்டும். மாற்றுத் துணி தலைமாட்டிலேயே இருக்கட்டும். பாய்க்கு மேல் ஒரு ரப்பர் ஷீட், அதன் மேல் பழைய வேட்டி. கோதடி நனையாமல் தப்பும். சிரிக்கக்கூடாது என்று அண்ணன் தங்கைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். பக்கத்து அறைக்காரர்கள் என்ன சத்தம் என்று கேட்டால், பையன் படிப்பதற்கு அலாரம் வைக்கிறான் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை.

எப்போது தொடங்குவது என்பதும் முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் துவைத்த துணி உலராது. அப்போது தொடங்கினால் மூன்றாம் நாளே வீட்டில் எரிச்சல் கிளம்பும். மே மாதம் ஊருக்குப் போகிற காலம். ரயிலிலும் உறவினர் வீட்டிலும் இதைச் செய்ய முடியாது. அக்டோபர் வெயில் இதற்கென்றே அமைந்தது. அப்போது ஆரம்பித்தால் குளிர்காலத்துக்குள் ஒரு வழிக்கு வந்துவிடும்.

எழுந்திருப்பது யார்? இதை நம் ஆண்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். விடியற்காலை நாலு மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழுகிறவளே நள்ளிரவிலும் எழ வேண்டும் என்றால், பத்தாம் நாள் அவள் கை ஓங்கத்தான் செய்யும். இரவு ஷிப்ட் இல்லாத வாரத்தில் அப்பா எழுந்திருக்கட்டும். எழ யாராலும் முடியாது, அல்லது பிள்ளைமேல் கோபம் இன்னும் தணியவில்லை என்றால், அந்த வீட்டில் அலாரம் வைக்க வேண்டாம். அது தண்டனைக்கு இன்னொரு கருவியாகத்தான் போய் முடியும். பிள்ளைக்கும் விருப்பம் இருக்க வேண்டும். பொதுவாக ஆறு ஏழு வயதுக்கு மேல்தான் இது சரிப்படும்.

டாக்டரிடம் போக வேண்டியவர்கள்

அலாரம் வாங்குவதற்கு முன் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. சில பிள்ளைகளை உடனே காட்ட வேண்டும். பகலிலும் நனைக்கிறவன், சிறுநீர் போகும்போது வலி என்கிறவன், தீராத தாகத்தோடு உடம்பும் இளைத்துக்கொண்டே போகிறவன், பலமாகக் குறட்டை விடுகிறவன். தாகமும் இளைப்பும் குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோயின் அறிகுறியாக இருக்கலாம். அதில் ஒரு நாள்கூடத் தாமதம் கூடாது.

ஆறு மாதமோ அதற்கு மேலோ நன்றாக இருந்து, திடீரென்று மறுபடியும் நனைக்கத் தொடங்கிய பிள்ளையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நோய் இருக்கலாம். நோய் இல்லாமலும் இருக்கலாம். ஐந்து வயது வரை ஊரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்த குழந்தையை, பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக இங்கே அழைத்து வருகிறோம். அதற்குத் தெரியாத மொழி, தெரியாத அறை, பெற்றவர்களே பாதி அந்நியம். அந்தக் குழந்தை ராத்திரியில் பாயை நனைத்தால் அதற்கு அலாரத்தைவிட அவசரமாகத் தேவைப்படுவது வேறு. வாரத்துக்கு ஒருமுறையாவது பாட்டியோடு போனில் பேச விடுங்கள். பாயை நனைக்கிறான் என்பதற்காகவே பிள்ளையைத் திரும்ப ஊருக்கோ ஹாஸ்டலுக்கோ அனுப்புகிறவர்களும் உண்டு. ஹாஸ்டலில் நாற்பது பேருக்கு நடுவில் அவன் என்ன பாடுபடுவான் என்று எண்ணிப் பாருங்கள்.

மாத்திரை இல்லையா என்றால், இருக்கிறது. டெஸ்மோபிரசின் என்ற மருந்து இரவில் சிறுநீர் ஊறுவதைக் குறைக்கும். ஊருக்குப் போகிற ரயில், கல்யாண வீடு என்று சில நாள் சமாளிக்க நல்லதுதான்; அலாரம் ஒத்துவராத பிள்ளைகளுக்கும் கொடுப்பார்கள். நிறுத்தினால் பெரும்பாலும் பழைய கதைதான். இதைச் சாப்பிட்ட இரவில் அதிகத் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து ஆபத்தாகும். மூக்கில் அடிக்கும் வகையைப் படுக்கை நனைப்பதற்குக் கொடுக்கக்கூடாது என்று அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2007-இல் எச்சரித்தது. இமிப்ரமின் என்ற பழைய மாத்திரை அளவு கூடினால் இதயத்தையே பாதிக்கும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டியது. மருந்துக் கடைக்காரரைக் கேட்டு இவற்றை வாங்கக் கூடாது. தாராவிக்காரர்களுக்கு சயான் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. பரேல் பக்கத்தவர்களுக்குக் கே.இ.எம். இருக்கிறது. ஒரு நாள் சம்பளம் போனாலும் குழந்தைகள் பிரிவில் காட்டிவிட்டு வாருங்கள்.

சங்கங்கள் செய்யக்கூடியது

கடைசியாக விலை. இந்த அலாரத்தை நம் ஊர் மருந்துக் கடைகளில் கேட்டால் விழிக்கிறார்கள். வரவழைத்து வாங்கினால் கூலி வேலைக்காரருக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் ஒரு வீட்டுக்கு அது மூன்று மாதத்துக்குத்தானே தேவை? பிறகு பரணில் கிடக்கப் போகிறது. இங்கிலாந்தில் பல இடங்களில் அரசு மருத்துவச் சேவையின் கிளினிக்குகளே இதை இரவல் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. நாமும் அப்படிச் செய்யலாம்.

மும்பையில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. பகுதிக்குப் பகுதி நலச் சங்கங்கள், கோவில் கமிட்டிகள் இருக்கின்றன. நூல்நிலையத்தில் புத்தகம் கொடுப்பது போல நாலைந்து அலாரம் வாங்கி வைத்து இரவல் கொடுக்கட்டும். பொறுப்பைத் தலைவர் செயலாளரிடம் விட வேண்டாம்; நம் பகுதியில் இருக்கிற ஒரு தமிழ் நர்ஸ் அம்மாவிடமோ ஓய்வுபெற்ற ஆசிரியையிடமோ விடுங்கள். தாய்மார்கள் கூச்சமில்லாமல் வருவார்கள். பதிவேட்டில் பிள்ளையின் பெயரே வேண்டாம். பெற்றவர் பெயர், போன் எண், கொஞ்சம் முன்பணம், அவ்வளவு போதும். திரும்பி வந்ததும் கிளிப்பைச் சுத்தம் செய்து, பேட்டரி மாற்றி, அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். அக்டோபரில் தொடங்குவதானால் கணபதி விழா சமயத்திலேயே வாங்கிவிடுவது உசிதம். வசூலில் மைக்செட் வாடகைக்கு ஒதுக்குவதில் ஒரு பங்கை எடுத்து வைத்தாலே முதல் இரண்டு அலாரம் வந்துவிடும்.